செங்காந்தள் நம்முடையது, அதன் வேதியியல் எவருடையது?

மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சிப் பக்கத்துக் காடுகளில் பூப்பருவத்துக் காலை வேளையில் நடந்து சென்ற தோழர்கள் அந்தக் காட்சியைக் கண்டிருப்பர். கம்பிப் பந்தலில் கொடி படர்ந்திருக்கும். பச்சையும் மஞ்சளுமாய் விரிந்து, நாளடைவில் தீயின் நிறம் கொள்ளும் பூக்கள். அவற்றினூடே தலையில் துண்டு கட்டிய பெண்கள் பூவுக்குப் பூ நகர்ந்து, மகரந்தத்தைக் கையால் எடுத்துச் சூல்முடியில் தடவிக்கொண்டிருப்பர். அந்தப் பூவின் சூல்தண்டை இயற்கை பக்கவாட்டில் வளைத்து, மகரந்தப் பைகளுக்கு எட்டாமல் வைத்துவிட்டது. வண்டை மட்டும் நம்பினால் போதிய காய் பிடிக்காது. ஆகவே வண்டின் வேலையை உழைக்கும் பெண்ணின் விரல் செய்கிறது; வெயில் ஏறுமுன் செய்து முடிக்கிறது.

ஊரார் அதனைக் கண்வலிக்கிழங்கு என்பர். கிழங்கு கலப்பை வடிவாய் இருத்தலின் கலப்பைக் கிழங்கு என்பாரும் உளர். சங்கப் புலவர்களுக்கு அது காந்தள்; தமிழ்நாட்டு அரசுக்கு அது மாநில மலர். மருந்து வணிகருக்கோ அது விதை மூட்டை. ஏனெனில் அந்த விதையினுள், நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைந்த அளவில், கால்சிசின் என்னும் பொருள் இருக்கிறது. கிழங்கைத் தின்றவனைக் கொல்லும் நஞ்சும் அதுவே. அளவறிந்து கொடுத்தால் கீல்வாதக்காரனின் வலியைத் தணிக்கும் மருந்தும் அதுவே. விதை வெளிநாடு செல்கிறது. விலையை விதைத்தவன் சொல்வதில்லை, வாங்குகிறவன் சொல்கிறான். ஓராண்டு உச்சியில் ஏறி, மறு ஆண்டு அடியில் வீழும் அந்த விலையை நம்பிக் கடன் வாங்கிப் பந்தல் போட்டவர் படும் பாட்டை நாம் எழுதித் தெரியவேண்டியதில்லை.

கடலுக்கு அப்பால் நடந்ததையும் கேளுங்கள். அமெரிக்காவில் நெடுங்காலமாக ஒரு மாத்திரை ஏறத்தாழ 9 சென்ட்டுக்கு விற்றுவந்தது. 2009-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒரு கம்பெனிக்குத் தனி உரிமை வழங்கிற்று. மாத்திரை விலை 5 டாலரை நெருங்கிற்று. ஐம்பது மடங்குக்கு மேல்! 2023-இல், இதய நோயாளருக்கும் சிற்றளவில் இதனைக் கொடுக்கலாம் என்று அதே துறை ஒப்புதல் தந்தது. இந்த ஐம்பது மடங்கில் ஒரு மடங்கேனும் மூலனூர்ச் சந்தைக்கு வந்து சேர்ந்ததாக எவரும் சொல்லக் கேட்டிலோம்.

'விலை கேட்டுப் போராட்டம் நடத்தலாமே, இதில் தலையங்கம் என்ன?' என்று கேட்பீர்கள். விலைக்காகப் போராடத்தான் வேண்டும். ஆயினும் இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. விதைக்குள் இருக்கும் பொருள் யாது, அது உயிரணுவில் எதனைப் பற்றுகிறது, அதைச் செடி எவ்வாறு சமைக்கிறது, வேறு வழியில் சமைக்க இயலுமா என்பவற்றையெல்லாம் அறிந்தவன் எவனோ, அவன் கையில்தான் விலையின் கடிவாளம் இருக்கிறது. அந்த அறிவுத் துறைக்கு வேதி உயிரியல் என்று பெயர். நம் கல்லூரிகளில் பழகிய உயிர் வேதியியலுக்கும் இதற்கும் உறவு உண்டு. எனினும் இரண்டும் ஒன்றல்ல. உயிரினுள் நடக்கும் வேதி வினைகளைக் கற்பது அது. ஒரு மூலக்கூறையே கருவியாகக் கையில் ஏந்தி, உயிரணுவின் கதவைத் தட்டி, 'உள்ளே என்ன நடக்கிறது?' என்று கேட்பது இது. மூலக்கூறை ஆக்கவும் தெரிந்து, அணுவை வளர்க்கவும் தெரிந்த இருகைத் திறனாளனை வேண்டி நிற்கும் துறை.

அத்தகைய திறனாளன் எப்படி உருவாகிறான் என்பதற்குக் கால்சிசினே சான்று. இப்பொருளைக் கொண்டு செடிகளின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கலாம் என்பதை 1937-இல் பிளேக்ஸ்லீ மெய்ப்பித்தார். ஆனால் அது எதைப் பற்றி அவ்வாறு செய்கிறது என்பது புதிராகவே இருந்தது. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் எட்வின் டெய்லர் என்பாரின் ஆய்வகத்தில், கேரி போரிசி என்ற இளைஞர் டாக்டர் பட்டத்துக்குப் படித்துவந்தார். கால்சிசின் மூலக்கூறில் கதிர்வீச்சு அடையாளம் ஒன்றைப் பொருத்தி, அது போய் ஒட்டிக்கொள்ளும் இடத்தைத் தேடினர். பிரியும் அணுக்களில் ஒட்டிற்று. அதனை எதிர்பார்த்தே இருந்தனர். பிரிதல் தொழில் ஓய்ந்த மூளைத் திசுவிலும் மிகுதியாக ஒட்டிற்று! அங்கேதான் வியப்பு. 1967-இல் முடிவுகள் வெளிவந்தன. அணு பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துச் செல்லும் கதிர் இழைகளும், மூளை நரம்பின் உள்ளே ஓடும் நுண்குழல்களும் ஒரே புரதத்தால் ஆனவை என்பது தெளிவாயிற்று. டியூபுலின் என்று அடுத்த ஆண்டு பெயர் பெற்ற அந்தப் புரதத்தின் மீதுதான் டாக்சால் போன்ற புற்றுநோய் மருந்துகளும் செயல்படுகின்றன. கதிர் என்றால் கோவைத் தோழருக்கு விளக்கம் வேண்டா. ஆலையின் வலிமையைக் கதிர்க் கணக்கில் சொல்லிப் பழகிய ஊர் இது. அணுவின் ஆலையில் நூல் நூற்கவிடாமல் கதிரைக் கழற்றிவிடுகிறது நம் காந்தள் விதை. அந்த உண்மையை வெளிக்கொணர்ந்ததில் முதற்பங்கு, பட்டம் பெறும் வயதில் இருந்த ஒரு மாணவருடையது. அவர் கையில் நேரம் இருந்தது, கருவி இருந்தது, மாத உதவிக்கு வழி இருந்தது. தவறினாலும் மறுமுறை செய்ய இடம் இருந்தது.

இது பழங்கதை. புதுக்கதை இன்னும் நெருக்கமானது. 2020-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் சாட்லியின் குழுவினர், கால்சிசினைச் செடி எவ்வாறு சமைக்கிறது என்ற மறைபொருளின் பெரும்பகுதியை வெளிப்படுத்தினர். எந்தச் செடியைக் கொண்டு? செங்காந்தளைக் கொண்டே! அதன் எட்டு மரபணுக்களைக் கண்டறிந்து, காட்டுப் புகையிலை இனம் ஒன்றினுள் தேவையான மரபணுக்களைச் செலுத்தி, கால்சிசினுக்கு முந்திய நிலையிலுள்ள பொருளை அந்தப் புகையிலை இலையிலேயே விளையச் செய்தனர். அரிய சாதனை. அறிவுக்கு எல்லை கட்டும் பழக்கம் நமக்கில்லை, பாராட்டுகிறோம். ஆயினும் பாராட்டிய கையோடு ஒன்றைக் கேட்டாகவேண்டும். நாளை இந்த வழி முழுமை பெற்று, தொட்டியிலோ வேறு பயிரிலோ கால்சிசின் மலிவாக விளையுமானால், மூலனூர்ப் பந்தல் என்னாகும்?

அவுரியின் கதையை நினைவில் கொள்க. நீலச் சாயத்துக்கு உலகமே இந்திய மண்ணை நம்பியிருந்தது. 1897-இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. இரண்டொரு பத்தாண்டுகளில் நம் அவுரி ஏற்றுமதி நொறுங்கிற்று. சாயத்தின் மூலக்கூறை வரைந்து காட்டியவன் ஜெர்மனியில் இருந்தான். சாயத்தை விளைத்தவன் இங்கே இருந்தான். இருவரும் ஒரே நாட்டில் இருந்திருந்தால், மாற்றம் வரும் செய்தியாவது முன்கூட்டித் தெரிந்திருக்கும்.

'கொங்கு நாட்டுக்கு ஆராய்ச்சி புதிது. அது சென்னைக்கும் பெங்களூருக்கும் உரியது' என்று பேசுவோர் நம்மிடையேயும் இருக்கின்றனர். வரலாறு அறியாப் பேச்சு அது. சைதாப்பேட்டையில் 1868-இல் தோன்றிய வேளாண் கல்வி 1906-இல் கோவைக்கு வந்தது. 1971-இல் பல்கலைக்கழகமாய் வளர்ந்தது. 1912-இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் எழுந்தது. பார்பரும் வெங்கடராமனும், தோட்டத்துக் கரும்பைக் கோவையின் காட்டு நாணலோடு கலந்து பெற்ற கோ 205 என்னும் இனம் 1918-இல் வெளிவந்து, வடபுலத்துக் கரும்புச் சாகுபடியின் போக்கையே மாற்றிற்று. அந்த நிலையத்தில் 1934 முதல் 1939 வரை பணியாற்றியவர் ஜானகி அம்மாள். தலைச்சேரியில் ஒடுக்கப்பட்ட தீயர் சமூகத்தில் பிறந்த பெண்மணி. ஆசியப் பெண்களுக்கென அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் வைத்திருந்த உதவித்தொகை ஒன்று அவரைக் கைதூக்கிவிட்டது. 1931-இல் அங்கே டாக்டர் பட்டம் பெற்றார். பின்னாளில் இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் அவர் மக்னோலியா மரங்களின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினார். எதைக் கொண்டு? கால்சிசினைக் கொண்டுதான். அவர் பெயர் தாங்கிய மக்னோலியா இன்றும் அங்கே பூக்கிறது.

கோவையில் பணிசெய்த ஒரு பெண்ணின் கைக்கும் காந்தளில் உறையும் பொருளுக்கும் இப்படி ஓர் உறவு இருந்திருக்கிறது. அந்தத் தொடர் பின்னர் ஏன் அறுந்தது?

ஆலைகளுக்கு ஆள் வேண்டியிருந்தபோது நம் ஊர்ச் செல்வர்கள் பொறியியல் கல்லூரிகளை எழுப்பினர். கல்லூரி இடம் பெயர்ந்த பின்னும் பேருந்து நிறுத்தத்துக்கு 'ஹோப் காலேஜ்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டே இருக்குமளவு அந்தக் கல்வி ஊரோடு கலந்தது. மோட்டாரும் பம்பும் கோவையில் பிறந்தன. குறை கூறவில்லை. ஆனால் பொறியியலுக்குக் கிடைத்த அந்த ஆதரவு, அடிப்படை அறிவியலில் முதுகலை முடித்து ஆராய்ச்சிக்கு வரும் பிள்ளைக்குக் கிட்டவில்லை. அதற்குத் தில்லியும் காரணம், நாமும் காரணம்.

தில்லியை முதலில் கேட்போம். ஆராய்ச்சி மாணவர் மாத உதவி பெறவேண்டுமெனில் சி.எஸ்.ஐ.ஆர். தகுதித் தேர்வில் முன்வரிசையில் நிற்கவேண்டும். வென்றவருக்கு 2023 தொடக்கத்திலிருந்து மாதம் 37,000 ரூபாய். அந்தத் தேர்வில் வேதியியலுக்கு ஒரு தாள், உயிரியலுக்கு ஒரு தாள். இரண்டுக்கும் நடுவே நிற்க விரும்புகிறவனுக்குத் தாள் இல்லை. வினாக்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருகின்றன. இந்தி மாணவன் தாய்மொழியில் வினாவைப் படிக்கிறான். காங்கேயத்து அரசுப் பள்ளியில் தமிழில் படித்து ஏறி வந்த பெண் அயல்மொழியில் மட்டுமே படிக்கவேண்டும். ஆங்கிலம் வேண்டாமென்று நாம் என்றும் சொன்னதில்லை. ஒருவருக்கு இரண்டு வாயிலும் மற்றவருக்கு ஒரு வாயிலும் வைப்பதுதான் நியாயமா என்று கேட்கிறோம். அந்த ஒரு வாயிலாவது ஒழுங்காய்த் திறக்கிறதா? 2024 ஜூனில் பல்கலைக்கழக மானியக் குழுவின் தகுதித் தேர்வை நடத்திய மறுநாளே ரத்து செய்தனர். அடுத்த சில நாட்களில் நடக்கவிருந்த அறிவியல் தேர்வையும் தள்ளிவைத்தனர். ஊர்விட்டு ஊர் சென்று தேர்வெழுத டிக்கெட் எடுத்த பிள்ளைகளின் பணத்துக்கு யார் பொறுப்பு?

2018-இல் பிரதமர் பெயரால் ஓர் உதவித்தொகை வந்தது. மாதம் 70,000 முதல் 80,000 ரூபாய் வரை. அதன் பெரும் பயன் ஐ.ஐ.டி.க்களுக்கும் இந்திய அறிவியல் கழகத்துக்கும் அவற்றை ஒத்த நிறுவனங்களுக்கும் சென்றது. கொங்கு நாட்டில் ஐ.ஐ.டி. இல்லை, காண விரும்புவோர் வாளையாறு தாண்டிப் பாலக்காடு செல்லலாம். ஐசர் என்னும் அறிவியல் கல்வி நிறுவனம் தமிழ்நாட்டிலேயே ஒன்றும் இல்லை. சிறுபான்மைச் சமூக ஆய்வாளர்களுக்கென இருந்த மௌலானா ஆசாத் உதவித்தொகையையும் 2022-இல் நிறுத்தினர். 1976-இல் 42-ஆவது திருத்தத்தால் கல்வியைப் பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனபோது, 'பொது' என்ற சொல்லுக்குப் பங்கிட்டுக்கொள்ளல் என்று பொருள் கொண்டவர்கள் ஏமாந்தார்கள்.

இனி நம் வீட்டுக்குள் பார்ப்போம். மாநில அரசும் முதலமைச்சர் பெயரால் ஆராய்ச்சி உதவித்தொகை ஒன்றை வகுத்து, 2023-இல் அதற்குத் தேர்வும் அறிவித்தது. நல்ல தொடக்கம், தேவையோ பன்மடங்கு பெரிது. மாநிலப் பல்கலைக்கழகங்களில் மாணவர் சேரும் நாளிலேயே ஒரு வழிகாட்டியின் பெயரோடு பிணைக்கப்படுகிறார். அவர் வேதியியலார் எனில் மாணவருக்கு அணு வளர்ப்பு தெரியாது. அவர் உயிரியலார் எனில் மூலக்கூறு ஆக்கம் தெரியாது. வெளிநாடுகளில் இத்துறைக்கு வரும் மாணவர் முதலாண்டில் இரண்டு மூன்று ஆய்வகங்களில் சில வாரங்கள் வீதம் உழைத்துப் பார்த்த பின்னரே வழிகாட்டியைத் தேர்கிறார். இங்கே அந்த உரிமையைக் கேட்டாலே 'அடக்கமில்லாத பிள்ளை' என்ற பெயர் வரும். இந்தக் குருகுலப் போக்கைப் பகுத்தறிவு இயக்கத்தார் ஆளும் மாநிலத்தில் ஏன் விட்டுவைத்தோம்?

பகுத்தறிவு என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. மஞ்சளின் மருத்துவ குணத்தை மேடைதோறும் முழங்கும் தோழர்கள் நம்மில் பலர். 1995-இல் அமெரிக்கர் ஒருசாரார் மஞ்சள் புண்ணாற்றும் என்பதற்குக் காப்புரிமை பெற்றதையும், சி.எஸ்.ஐ.ஆர். வழக்காடி 1997-இல் அதனை நீக்கியதையும் சொல்லிக் கைதட்டு வாங்குவோம். தவறில்லை. ஆனால் 2017-இல் வேதியியல் வல்லுநர் சிலர் ஒரு நீண்ட ஆய்வுரை எழுதினர். மஞ்சளின் குர்குமின், ஆய்வகச் சோதனைகளில் பல புரதங்களோடு பொய்யாகவே வினைபுரிவதுபோல் தோற்றம் காட்டும் பொருள் என்றும், மருந்தும் போலி மருந்தும் எவருக்குத் தரப்பட்டதென மறைத்து நடத்தும் சோதனைகளில் அது வெற்றி பெற்றதில்லை என்றும் கூறினர். இதனை ஈரோட்டு மேடையில் சொல்ல எவருக்கேனும் துணிவுண்டா? சொல்லவேண்டும். எது மெய் வினை, எது பொய்த் தோற்றம் என்று பிரித்தறியும் பயிற்சிதான் வேதி உயிரியலில் மாணவர் பெறும் முதற்பாடம். ஈரோட்டு மஞ்சளை நம் பிள்ளைகளே சோதித்து, பயன் இதுவரை, இதற்கு மேல் இல்லை என்று சொல்வார்களாயின், அந்தச் சொல்லுக்கு உலகச் சந்தையில் மதிப்பிருக்கும்.

அவர்களுக்காகக் காத்திருக்கும் வினாக்கள் ஒன்றா, இரண்டா? மகரந்தம் தொட்டும் விதை உலர்த்தியும் பருவந்தோறும் உழைக்கும் பெண்களின் உடலில் இந்த நஞ்சு சேர்கிறதா, எவ்வளவு சேர்கிறது? காந்தளைக் கெடுக்கும் கிழங்கழுகலைத் தடுக்கும் பொருள் எது? 2011 சனவரியில் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூட உயர்நீதிமன்றம் ஆணையிடும் நிலை வந்ததே, அந்தச் சாய மூலக்கூறுகள் நொய்யலின் உயிர்களுக்குள் புகுந்து செய்தது என்ன? ஸ்டான்ஃபோர்டில் இருப்பவர் இவற்றைக் கேட்கவில்லை என்று குறை சொல்வது முறையன்று. இவை அவருடைய வீட்டு வினாக்கள் அல்ல.

ஆகவே நாம் கோருவது இது. கோவையில் வேதி உயிரியலுக்கென ஒரு கூட்டு டாக்டர் பட்டப் பயிற்சி அமையவேண்டும். மருதமலை செல்லும் வழியிலேயே வேளாண் பல்கலைக்கழகமும் பாரதியார் பல்கலைக்கழகமும் இருக்கின்றன; கரும்பு நிலையம் தொலைவில் இல்லை; மருத்துவக் கல்லூரிகள் நகரிலேயே உள்ளன. புதுக் கட்டடமும் திறப்பு விழாக் கல்வெட்டும் இதற்கு வேண்டா. இருக்கும் ஆய்வகங்களின் கதவுகள் ஒன்றுக்கொன்று திறந்தாற் போதும். சேரும் மாணவர் முதலாண்டில் மூன்று ஆய்வகங்களில் உழைக்கட்டும். வேதியியல் படித்தவர் அணு வளர்க்கவும், உயிரியல் படித்தவர் மூலக்கூறு ஆக்கவும் கற்கட்டும். ஒரு பருவமேனும் மூலனூர்க் காட்டில் நின்று விதை எடுக்கட்டும். அத்தனை பேருக்கும் தில்லி தரும் 37,000-க்குக் குறையாத மாத உதவியை மாநில அரசே தரட்டும். இட ஒதுக்கீடு முழுமையாய் நடைமுறையாகட்டும். சேர்க்கை நேர்காணலில் தமிழில் விடை சொல்ல உரிமை இருக்கட்டும். 'பணத்துக்கு எங்கே போவது?' என்று நிதித்துறை கேட்கும். கேட்பது அதன் தொழில். ஒரு மேம்பாலத்துக்கு ஆகும் செலவோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள் என்பதே நம் விடை.

கோரிக்கையை எழுத நம்மால் முடியும். அதற்கு வலுவூட்டத் தோழர்களால்தான் முடியும். அடுத்த ஒன்றியக் கூட்டத்துக்கு வரும்போது ஒரு கணக்கு எடுத்து வாருங்கள். உங்கள் ஊரில் வேதியியலிலோ உயிரியலிலோ முதுகலை முடித்து, ஆராய்ச்சியை எண்ணிப் பார்த்துக் கைவிட்டு, பனியன் கம்பெனியில் கணக்கெழுதவோ, தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்குப் பாடம் நடத்தவோ போன பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களில் பெண்கள் எத்தனை பேர்? கைவிட்டது எந்தப் படியில்: தேர்விலா, உதவித்தொகையிலா, வழிகாட்டி கிடைக்காமலா? பெயர் வேண்டா, எண்ணிக்கையும் காரணமும் போதும். அந்தக் கணக்கோடுதான் கோட்டைக்கும் பின்னர்த் தில்லிக்கும் செல்லவேண்டியிருக்கிறது. முதற் கணக்கு மூலனூர் ஒன்றியத்திலிருந்து வருமென்று எதிர்பார்க்கிறோம்.